தாயத்து கட்டாத கை

1

ஜெர்மனியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு முழுக் காரணம் நான்தான். வந்த புதிதில் அண்ணன் கேட்டபோது, "ஸ்கேன் மிஷின்ல இரைச்சலைக் கொறைக்கற வேலைங்கண்ணா" என்று சொல்லி வைத்தேன். அண்ணன் அதை அப்படியே எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்குக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்த முறை ஏற்காடு போயிருந்தபோது டீக்கடைக்காரர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, எங்கூட்டு மாவு மிஷினு நொம்ப சத்தம் போடுதுங்க. அதுக்கு எதாச்சும் வழி இருக்குதுங்களா?"

எண்ணெய் விடச் சொன்னேன். பிறகு சத்தம் குறைந்துவிட்டதாகக் கேள்வி. என் வேலைக்கு ஊரில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

இந்த வசந்தத்தில் அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். இத்தனை வருடம் ஒரே இடத்தில் குப்பை கொட்டியதற்கு ஒரு பூங்கொத்தும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழில் "திருமதி பெருமாள்" என்று போட்டிருந்தது. பெருமாள் என் அப்பா. விசா எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடக்கூடாது என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். சேலத்தைத் தாண்டி எங்கும் போகாமலே இறந்துபோன மனிதர், இங்கே மாதாமாதம் சம்பளம் வாங்கி வரியும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போதாவது என் வேலையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பின்னால் வருவது விளங்காது.

சி.டி. ஸ்கேன் என்பது உடம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்த நிழல்களின் கூட்டம். ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் வெறும் நிழல். எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துக் கணக்குப் போட்டால், கத்தி வைக்காமலே உள்ளே இருப்பதைப் படமாகப் போட்டுவிடலாம். கதிரை அதிகம் பாய்ச்சினால் உடம்புக்கு ஆகாது. குறைத்தால் படம் பொரிபொரியாக வரும். காய்ந்த வாசலில் மழை தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் நாலு துளி விழும், பக்கத்தில் ஒன்றும் விழாது. வலுத்துப் பெய்த பிறகுதான் வாசல் ஒரே சீராக நனையும். குறைந்த கதிரில் எடுத்த படம் அந்த முதல் துளிகள் விழுந்த வாசல். அந்தப் பொரிகளைத்தான் நாங்கள் இரைச்சல் என்கிறோம். நல்ல மழை பெய்திருந்தால் வாசல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்லும் மென்பொருளை எழுதுவது என் வேலை. ஊகம் என்ற சொல் எங்கள் விற்பனைப் பிரிவுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

2

கேக் தட்டோடு மேசைக்குத் திரும்பியபோது கைப்பேசியில் அண்ணியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஸ்கேன் பிலிம். வீட்டு ஜன்னல் கண்ணாடிமேல் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கோடை மழை பெய்து ஓய்ந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளை வெளேரென்று மூடுபனி. பிலிம் பார்ப்பதற்கு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் விளக்குப் பெட்டிகூட அவ்வளவு சீராக வெளிச்சம் தராது. எழுத்துகள் மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தன. பிலிமைப் பின்பக்கமாக வைத்துவிட்டார். நான் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் மாதேஸ்வரனுக்கு ஒன்றரை மாதமாக இருமல். ஏற்காட்டில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், சேலத்தில் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு எதுவும் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தியை முடிந்த பிறகு சொல்வதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா விஷயத்திலும் அப்படித்தான் செய்தார்கள்.

உடனே அண்ணியைக் கூப்பிட்டேன்.

"பயப்படாத கண்ணு," என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் யாருக்குத்தான் பயம் வராது? "வலது பக்கம் மேல ஒரு புள்ளியாட்டம் தெரியுதாமா. ஆனா படத்துல கோடு கோடா உளுந்து கெடக்கறதால நெசமாலுமே புள்ளிதானான்னு சொல்ல முடியலியாம். கையில தாயத்து இருந்துச்சாம், அதனாலதானாமா கோடு. தாயத்தக் கழட்டிட்டு மறுக்கா வரச் சொன்னாங்க."

"அண்ணன் எப்பங்க தாயத்து கட்டுனாரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். கைய மேல தூக்கச் சொல்லியிருக்காங்க, வலிக்குதுன்னு இவரு தூக்கல. அப்படியே எடுத்துட்டாங்க. வெளிய வந்து அந்தப் பையன், 'தாயத்தக் கழட்டச் சொன்னனுங்களே'ங்கறான். இவரு, 'ஆமாங்க, மறந்துட்டேன்'ங்கறாரு. என்ற கண்ணு முன்னால சொல்றாரு. ஊட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிப் பாத்தா கையில ஒரு கயிறுகூட இல்ல. எவனாச்சும் மந்திரிச்சுக் கட்டி, எனக்குத் தெரியாம வெச்சிருக்காரோ என்னமோ."

"மறுக்கா எப்பங்க போறீங்க?"

"அதான் பிரச்சனையே. போகமாட்டேங்கறாரு. சேர்வராயன் கோயில் திருவிழா முடியட்டும்ங்கறாரு. அதுக்கு இன்னும் எத்தன நாள் கெடக்குது."

எங்கள் அண்ணன் சாமிக்குப் பயந்தவர்தான், ஆனால் டாக்டருக்குப் பயந்தவரல்ல. பல் பிடுங்கப் போகும்போதுகூட வழியில் பூண்டுப் பொரி வாங்கிக் கொறித்துக்கொண்டு போகிறவர். அவர் ஏன் ஓடுகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

3

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. புள்ளி நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் கோடுகளைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன்.

கோடுகளில் இரண்டு சாதி உண்டு. கையைத் தூக்காமல் படுத்தால், கதிர் இரண்டு தோள்களையும் துளைத்துக்கொண்டு வர வேண்டும். பாதியிலேயே தீர்ந்துபோகும். வந்து சேர்கிற சொச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தோளுக்குத் தோள் குறுக்காகப் பொரிக்கோடுகள் விழும். அண்ணன் படத்தில் அவை இருந்தன. அவற்றுக்கு மேல் இன்னொரு வகையும் இருந்தது. கூர்மையான, வெள்ளையும் கறுப்புமான கீற்றுகள், ஒரு பக்கமிருந்து விசிறி மாதிரி விரிந்து நுரையீரல்மேல் பாய்ந்திருந்தன. அது உலோகத்தின் வேலை. உலோகம் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் அதன் கீற்றுகள் உள்ளே வந்துவிடும்.

என் மகள் யாழினியின் பள்ளிப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, திரையின்மேல் வைத்து, ஒவ்வொரு கீற்றையும் பின்னோக்கி நீட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சந்தித்தன. வலது கை, தோளுக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம். தாயத்து கட்டுகிற உயரம்தான். ஆனால் தாயத்து தோலுக்கு வெளியே இருக்கும். கையின் பருமனை வைத்துப் பார்த்தால், இந்தக் கோடுகள் சந்தித்த இடம் சதைக்குள்.

விளையாடிவிட்டு வந்த யாழினி, "என் அடிக்கோலை ஏன் எடுத்தாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் என்னிடம் தமிழில் பேசுவது ஏதாவது வேண்டியிருக்கும்போது மட்டும்தான்.

4

சனிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மாலை, இங்கே நான் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு உலை வைத்திருந்தேன். அண்ணியும் பக்கத்தில் இருந்தார். திரையில் அவருடைய பாதி முகம் தெரிந்தது.

"அண்ணா, கையில என்னங்க இருக்குது?"

"கையில என்ன இருக்குது, போன் இருக்குது."

"வலது கையிலங்கண்ணா. தோளுக்குக் கீழ, பின்னால, உள்ளுக்குள்ள."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "ராஜாமணி, கன்னுக்குட்டி கட்டுத்தறியில இருக்குதான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்றார். அண்ணி முனகிக்கொண்டே எழுந்து போனார்.

"உனக்கு ஆரு சொன்னாங்க?"

"கோடு சொல்லுதுங்க. எல்லாம் அங்கிருந்துதான் கெளம்புது."

"அடேங்கப்பா," என்றார். தங்கையின் படிப்பைக் கண்டு அவர் உண்மையிலேயே அசந்துபோனது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பால்ரஸ் குண்டு கண்ணு."

சைக்கிள் சக்கரத்தின் நடுவே சுழலுமே, அந்தச் சின்ன இரும்புக் குண்டு. மலையில் நாட்டுத் துப்பாக்கியில் அதைத்தான் போட்டு அடைப்பார்கள்.

நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, மிளகு பறிக்க ஏணி போட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அண்ணன் விழுந்து கையை உடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு முழுதாக மேலே போனதில்லை. ஏணியுமில்லை, மரமுமில்லை. அண்ணியின் அப்பாவுடைய காப்பித் தோட்டத்தின் வேலி ஓரமாக, பொழுது சாய்கிற நேரத்தில், அண்ணன் குனிந்து போயிருக்கிறார். எதற்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. ராஜாமணி அண்ணி அப்போது அந்த வீட்டுப் பெண். அந்த வருடம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். செடி அசைந்ததும் அவர் அப்பா சுட்டுவிட்டார்.

"சத்தம் போட்டா ஆளுன்னு தெரிஞ்சு போயிரும். அதனால பன்னியாட்டமே செடிக்குள்ளாற பூந்து ஓடிட்டேன்," என்றார் அண்ணன். "அடிவாரத்துல ஒரு கம்பவுண்டரு எடுத்து உட்டாரு. ஒண்ணு மட்டும் ஆழமாப் போயிருச்சு, கெடந்துட்டுப் போகட்டும்னுட்டாரு."

"இதை ஸ்கேன் எடுக்கற இடத்துல சொல்ல வேண்டியதுதானுங்கண்ணா?"

"அந்தப் பையன் 'ஒடம்புல இரும்பு எதாச்சும் இருக்குதுங்களா'ன்னு கேக்கறப்ப உங்கண்ணி ஒட்டி நிக்கறா. என்ன சொல்லச் சொல்ற? ஆமாங்க, இவங்கப்பன் சுட்டதுதான்னா? மாமாவுக்கு இப்பத் தள்ளாத வயசு. தெனமும் சாயங்காலம் என்னோடதான் உக்காந்து டீ குடிக்கறாரு. அவரப் போயி, நீங்க சுட்டது பன்னி இல்லீங்க, உங்க மாப்பிள்ளைன்னு சொல்லோணுமா? துப்பாக்கிக்கு லைசென்சும் இல்ல. அவன் தாயத்தான்னு கேட்டான், நானும் ஆமான்னுட்டேன்."

சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். போனை வைத்த பிறகுதான், இன்னொரு தரம் எடுத்தாலும் இதே கோடுகள்தான் விழும், அது தெரிந்துதான் அண்ணன் போகாமல் இருக்கிறார் என்பது உறைத்தது. அந்தக் கோடுகளுக்கு அடியில் ஒரு புள்ளி இருக்கலாம். அது வளர்ந்துகொண்டிருக்கலாம். சோற்றைக் குழைய விட்டுவிட்டேன்.

5

மறுநாள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஜன்னலில் வைத்து எடுத்த அந்த வாட்ஸ்அப் படத்தின்மேல், நானே விளையாட்டாக எழுதி வைத்திருந்த சிறிய வடிகட்டி ஒன்றை ஓடவிட்டேன். படமே ஒழுங்கான படமில்லை, அதன்மேல் வடிகட்டி ஓட்டுவதற்கு அர்த்தமும் இல்லை. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. என்ன ஆகும் என்று பார்க்க ஆசை.

கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின. பொரி அடங்கியது. நுரையீரல் இருட்டாக, வழவழவென்று வந்தது. புள்ளியையும் காணோம்.

ஒரு நிமிடம் அப்படியொரு நிம்மதி எனக்கு. அண்ணனுக்கு ஒன்றுமில்லை. உடனே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்றுகூடக் கை போனது. யாழினி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒரு புள்ளி இருந்திச்சே, எங்கம்மா போச்சு?" தமிழில் கேட்டாள்.

"நான்தான் எடுத்தேன்."

"அப்ப மாமாவுக்கு இல்லையா?"

"தெரியல."

எங்கள் வேலையின் தலைவலியே இதுதான். சின்னதாய், தனியாய் இருக்கிற எதையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும் வடிகட்டி. நோய் தொடங்கும்போதும் சின்னதாய், தனியாய்த்தான் இருக்கும். எதைத் துடைக்கலாம், எதை விட வேண்டும் என்று மாதக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். முன்பின் தெரியாதவர்களின் நுரையீரல்களை வைத்து நானும் நிதானமாக வாதம் செய்திருக்கிறேன். அண்ணனுடையது என்றதும் என் மனசு துடைத்த படத்தின் பக்கமே சாய்ந்தது. எனக்கு அது வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வியப்பாக இருந்தது.

துடைத்த படத்தை அழித்துவிட்டேன். கணக்கால் தீர்க்கிற விஷயமில்லை இது. கையைத் தூக்கினால் போதும். கை தலைக்கு மேலே போனால் குண்டும் காதருகே போய்விடும். அப்போது அதன் கீற்றுகள் கழுத்துக்குக் குறுக்கே பாயுமே தவிர நெஞ்சுக்கு வராது. வலிக்கு ஓர் ஊசி, முட்டுக்கொடுக்க இரண்டு தலையணை. அவ்வளவுதான் தேவை.

இதைச் சொல்வதற்காகச் சேலத்து ஸ்கேன் நிலையத்தைக் கூப்பிட்டேன். பேசிய பெண் மிகவும் தன்மையாக மறுத்தார். "நீங்க தங்கச்சின்னு நாங்க எப்படிங்க நம்பறது? பேசன்ட்டு இல்லீனா கூட வர்ற அட்டெண்டரு வந்து சொல்லட்டுங்க, எழுதிக்கறோம்." அவர் சொன்னது நியாயம்தான். இங்கே என்றால் அதையே ஒரு கடிதமாக எழுதி, மூன்று வாரம் கழித்து, திருமதி பெருமாளுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கூட வருகிற ஆள் என்றால் அண்ணிதான். ஆக, அண்ணியிடம் சொல்லாமல் கையைத் தூக்க வழியில்லை. அண்ணனிடம் அதைச் சொன்னேன். "பாக்கலாம் கண்ணு," என்றார். அந்தப் பாக்கலாமுக்கு ஏற்காட்டில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "நீங்க சொல்லலீன்னா நான் சொல்லிருவேனுங்க," என்றேன். அண்ணனிடம் அவ்வளவு குரல் உயர்த்தி நான் பேசியதில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

6

இரண்டு நாள் கழித்து, நான் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணி கூப்பிட்டார். டிராமில் போனில் பேசினால் இங்கே முறைப்பார்கள். முறைத்தார்கள். பேசினேன்.

"உங்கண்ணன் நேத்து பெரிய ரகசியம் ஒண்ணு சொன்னாரு," என்றார் அண்ணி.

"கோவமாங்கண்ணி?"

"எதுக்கு கோவம்? எங்கப்பன் சுட்டது எனக்கு அன்னிக்கே தெரியும். பன்னிக்கு அடிபட்டா ரத்தத்தோட மயிரு கெடக்கும். மறுநா காத்தால நான் போயிப் பாத்தா, வேலிகிட்ட ரப்பர் செருப்பு ஒண்ணு கெடக்குது. உங்கண்ணன் செருப்பு எனக்குத் தெரியாதா? எங்கப்பனும் பாத்தாரு. அன்னையில இருந்து துப்பாக்கியத் தொடல. உங்கூட்டுல பொண்ணு கேட்டு வந்தப்ப சாதகம்கூடக் கேக்காம தலையாட்டுனாரே, எதனாலன்னு நெனச்ச?"

"அண்ணனுக்கு இது தெரியுமாங்க?"

"நேத்துத்தான் சொன்னேன். மூஞ்சியே செத்துப் போச்சு. மாமா தன்னோட கொணத்தப் பாத்துத்தான் பொண்ணு குடுத்தாருன்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தாராமா." அண்ணி சிரித்தார். பிறகு நிறுத்தினார். "குண்டு இன்னும் உள்ள இருக்கறதுதான் கண்ணு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அந்தப் பையன்கிட்ட நானே சொல்லியிருப்பேன். தாயத்து, மந்திரவாதின்னு என்னென்னமோ நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்தேன்."

ஆக, அந்த வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டு, ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

திருவிழாவுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே காலை பஸ்ஸில் மலையிறங்கினார்கள். அண்ணி உள்ளே போனதும் முதல் வேலையாக, "தாயத்து இல்லீங்க, குண்டு" என்று சொன்னாராம். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டானாம். ஊசி போட்டு, தலையணை வைத்து, மெதுவாகக் கையைத் தூக்கி எடுத்திருக்கிறார்கள்.

7

இந்த முறை ஜன்னல் படமில்லை. நிலையத்திலிருந்து அண்ணனுக்கு வந்த இணைப்பை எனக்கு அனுப்பினார்கள். சமையல் மேசையில் கணினியை வைத்துத் திறந்தேன். முதலில் கழுத்து. கீற்றுகள் அங்கே இருந்தன, எதிர்பார்த்தபடியே. அதற்குக் கீழே, உடம்பைக் குறுக்கே சீவியதுபோல அடுக்கடுக்காக வரும் படங்களில், ஒவ்வொரு தட்டாக இறங்கினேன்.

கோடுகள் இல்லை. தோளுக்குத் தோள் ஓடிய பொரியும் இல்லை. அலுவலகத்தில் காட்டினால் மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள், அப்படி ஒரு படம். வலது பக்கம், மேல்பகுதி. அங்கே புள்ளி இருந்தது. சின்னது, ஓரம் சற்றுச் சொரசொரப்பாக. பக்கத்துத் தட்டிலும் இருந்தது, அதற்கடுத்த தட்டிலும் இருந்தது. இரைச்சல் அப்படி அடுத்தடுத்து ஒரே இடத்தில் நிற்காது.

இத்தனை வருடம் இரைச்சல் போக வேண்டும் என்று மட்டுமே வேலை செய்திருக்கிறேன். இது இரைச்சலாக இருக்கக்கூடாதா என்று அன்றுதான் ஆசைப்பட்டேன். திரையை மூடிவிட்டு அழுதேன்.

சேலத்து டாக்டரும் பார்த்துவிட்டார். சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டது நல்லதாம். எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் என்னவென்று சொல்ல முடியுமாம், அடுத்த வாரமே சேர்ந்துவிடச் சொன்னாராம். எல்லாவற்றையும் அண்ணி சொல்லி முடித்த பிறகு அண்ணன் போனை வாங்கினார்.

"என்ன கண்ணு, படம் சுத்தமா வந்திருக்குதா?"

"நொம்ப சுத்தமா வந்திருக்குதுங்கண்ணா."

"அந்தப் புள்ளி?"

"இருக்குதுங்க."

"நெசமாலுமே இருக்குதா, இல்ல, கோடு கீடு எதாச்சுமா?"

"இல்லீங்கண்ணா. இருக்குதுங்க."

அண்ணன் இருமினார். பின்னால் அவர் மாமனார் யாரிடமோ டீ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"செரி," என்றார். "இருக்கறத இருக்குதுன்னு சொன்ன பாரு, அது போதும்."

"சாமி," என்றார், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டதுபோல. "நீ எப்ப வர்ற?"

நான் விமானம் ஏறிய நாளிலிருந்து அண்ணன் இந்தக் கேள்வியை ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை.